கேட்டுக்கு வெளியே ஒரு மணல் டிரம்

என் ராசாவுக்கு, அம்மா எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் நீ வாத்தியாராக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழையப் போகிறாய். ஆர்டர் வந்த அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். பால் வாங்கப் போன இடத்தில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், கம்பெனி வேனில் ஏறியதும் டிரைவரிடம் சொன்னேன். அவர் பாவம், மூன்றாவது தடவையாகக் கேட்டும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். கவுன்சிலிங்கில் உனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பள்ளிக்கூடத்தை நீ கேட்டு வாங்கினாய் என்று தெரிந்ததும் உன் சித்தப்பா வீட்டுக்கு வந்து குதித்தார். "மதினி, அங்கன பயலுக வெட்டிக்கிட்டுத் திரியுறானுகளாம். கேட்டுல போலீசு நிக்கிதாம். படிச்ச புள்ளைக்கு வேற எடமா கெடைக்கல?" உன் அப்பா வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன், "கேட்டப் பாத்துப் பயப்படுற ஆளா அவன்? யாரு மகன்னு நெனச்சீக கொழுந்தனாரே!"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, ஒன்பது வருஷமாக உன்னைப் பற்றி ஒரு கேள்வி என் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. உன்னிடம் கேட்கவே கூடாது என்று எனக்கு நானே வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்ட கேள்வி. முந்தாநாள் மத்தியானம் அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப மனசு வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்த்துச் சிவப்பு மை போடாதே. இன்னும் வாத்தியார் ஆகவில்லை நீ.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கதைக்கு அது வேண்டும், பொறுத்துக்கொள். நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நான் பார்ப்பது மருந்து கலக்கிற வேலையும் இல்லை, திரி போடுகிற வேலையும் இல்லை. கேட்டில் நின்று உள்ளே வருகிற பெண்களைச் சோதிக்கிற வேலை. மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பையில் போன் இருக்கிறதா, காலில் கொலுசு கிடக்கிறதா, நைலக்ஸ் சேலை கட்டி வந்திருக்கிறாளா என்று பார்த்துத்தான் விடுவேன். ஒரு பொறி போதும், நல்லவள் கெட்டவள் பார்க்காமல் எல்லோரையும் கொண்டுபோய்விடும். அதனால் எங்கள் கேட்டில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, தினமும் முதல் சோதனை போர்மேனுக்குத்தான். அவர் சட்டைப் பையைக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள். முதலாளியே வந்தாலும் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இன்னொன்று அந்த டிரம். கேட்டுக்கு வெளியே சுண்ணாம்பால் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் முக்கால்வாசி மணல் நிரப்பிய ஒரு இரும்பு டிரம். முதல் சங்குக்கும் இரண்டாவது சங்குக்கும் நடுவில் உள்ள பத்து நிமிஷம், சோதிக்கிற நாங்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தெரியாமல் கொண்டுவந்த பீடியோ தீப்பெட்டியோ, வந்தவர்கள் அதில் போட்டுவிடலாம். யார் போட்டது என்று பார்க்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. இரண்டாவது சங்குக்குப் பிறகு ஒருத்தியிடம் ஒரே ஒரு தீக்குச்சி கிடைத்தாலும் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை. கோட்டுக்கு முன்னால் போட்டால் கேள்வி கிடையாது, இதுதான் எங்கள் கேட்டின் சட்டம். அதில் என்னளவு கறாரானவள் அந்தக் கம்பெனியில் கிடையாது.

இனி நீ பிளஸ் ஒன் படித்த வருஷத்துக்கு வருகிறேன். ஆடிப் பொங்கலுக்கு நம் தெருக்காரர்கள் கட்டிய பிளக்ஸ் விடிந்து பார்த்தால் கிழிந்து தொங்கியது. காற்று கிழித்ததா கை கிழித்ததா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஊரணிக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள்தான் என்று இங்கே முடிவு கட்டிவிட்டார்கள். தெரு தெரு என்று நாம் நாசூக்காகச் சொல்வது சாதியைத்தான். உனக்கு எழுதுகிற கடிதத்தில் எதற்கு மூடி மறைக்க வேண்டும்? பெரியவர்கள் ரோட்டில் வாய்ச்சண்டையோடு விட்டதைப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். கையில் கலர் கலராகக் கயிறு, வகுப்பில் தனித்தனி பெஞ்சு, தண்ணீர்க் குழாயடியில் அடிதடி. ஒரு சாயங்காலம் நீ வலது காது மடல் கிழிந்து, காலர் முழுக்க ரத்தத்தோடு வந்து நின்றாய். என்னோடு கம்பெனி வேனில் வருகிற அந்தத் தெரு முத்துமாரியின் மகன் பாண்டி அடித்தான் என்றாய். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூன்று தையல் போட்டுக் கொண்டுவந்தேன்.

தாய் செய்ய வேண்டியது அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்றைக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. சோற்றைப் போட்டு உன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்: "வாங்கிட்டு மட்டுந்தான் வந்தியா? திருப்பி ஒரு அடியாவது குடுத்தியா? ஏலே, இனிமே இப்படி வாங்கிட்டு வந்து இந்த வாசப்படி ஏறாத." தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டாய். ஊரார் மடியை எல்லாம் துழாவுகிற நான், என் பிள்ளை மடியில் நானே நெருப்பை வைத்துக் கட்டியது அன்றைக்குத்தான். உன்னிடம் இதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். தப்பு என் மேல்தான் ராசா.

அடுத்து நான் செய்த தப்பு ஊரறியச் செய்தது. நான் அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு மெம்பர். சண்டையை நிறுத்த அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். நம் தெருப் பிள்ளைகள் முன்கேட்டு வழியாக, அந்தத் தெருப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துப் பக்கத்துச் சின்னக் கேட்டு வழியாக வர வேண்டும், விடுவதிலும் கால்மணி நேர வித்தியாசம் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கை தூக்கினேன், என் பிள்ளை காது பிழைத்தால் போதும் என்று. ஒரு மாதத்தில் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு கேட்டுக்கும் பெரிய பையன்கள் காவல் நிற்க ஆரம்பித்தார்கள். நேரமாகிவிட்டதே என்று பக்கத்தில் இருந்த கேட்டு வழியாக ஓடிவந்த ஆறாம் வகுப்புக் குழந்தையை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்தினார்கள். உங்கள் ஹெட்மாஸ்டர் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டார். பையன்கள் பைக்குள் என்னென்னவோ கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் பிள்ளையைப் பற்றி நான் அப்படி நினைக்கவே இல்லை. எந்தத் தாய்தான் நினைப்பாள்?

முத்துமாரி கம்பெனியில் திரிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வேனில் என் பக்கத்துச் சீட்டு அவளுடையது. கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பாள். வேனை விட்டு இறங்கினால் அவள் ஊரணிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்புறம் எதிரில் கண்டாலும் முகம் தெரியாதவர்கள் மாதிரிப் போவோம். அதையும் நாங்கள் பெரிய ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உன் காது கிழிந்த பிறகு அவள் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை. அந்த ஆறாம் வகுப்புக் குழந்தையை அடித்த மறுநாள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிறாதீக. நம்ம கம்பெனில தெருவுக்கு ஒரு கேட்டா வச்சிருக்காக?"

"என்ன பேச்சு பேசுற? ஒரே கேட்டுதான்."

"அது ஏன் யக்கா?"

"ரெண்டு வச்சா எதுல எது போகுதுன்னு எவ பாப்பா? எந்தப் பக்கம் பொறி விழுந்தாலும் ரெண்டு பக்கமும்தான வேகும்?" என்று சொல்லி முடித்த பிறகுதான், பள்ளிக்கூடத்து இரண்டு கேட்டுக்கு நானே கை தூக்கியது நினைவுக்கு வந்தது.

"அம்புட்டுத்தான் யக்கா. நான் அதத்தான் கேட்டேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேனை விட்டு இறங்கி நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நடந்தோம், பள்ளிக்கூடத்தைப் பார்த்து. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். "சின்னக் கேட்டப் பூட்டிட்டு, எல்லாரையும் ஒரே வழியா விட்டுச் சோதிப்போம் சார். டிரம்மு நாங்க கொண்டாறோம்" என்றோம். "சோதனை போட்டா பிள்ளைங்கள திருடனாப் பாக்குற மாதிரி ஆயிராதாம்மா?" என்றார். "அதுக்குத்தான் மொதல்ல நீங்க உங்க பையத் தொறக்கணும் சார். அப்புறம் வாத்தியாருக, அப்புறம் புள்ளைக. உங்களுக்கு அடுத்தாப்புல நிக்கிறவனத் திருடன்னு எவன் சொல்லுவான்?" என்றேன். மாற்றல் கேட்டு எழுதிய மனுவின் நகல் மேஜைமேல் கிடந்தது, அதை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

கழகக் கூட்டத்தில்தான் பெரிய ரகளை. நம் தெரு லாரிக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "என் மகன் பையில கை வைக்க இந்தப் பொம்பளைக யாரு? எங்க கௌரவம் என்னாகுறது?" நான் மெதுவாகத்தான் கேட்டேன். "அண்ணாச்சி, எங்க கம்பெனிக்கு லோடு ஏத்த வாரப்ப பீடிக்கட்ட டிரம்முல போட்டுட்டுத்தான உள்ள வாரீக? அன்னைக்குக் கொறையாத கௌரவம் இன்னைக்குக் கொறஞ்சிருமா?" இரண்டு தெரு ஆட்களும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து உனக்கும் உன் அப்பாவுக்கும் சட்டத்தை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். நீ புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

அந்த முதல் நாள் காலை உனக்கு நினைவிருக்கும். ஆனால் கேட்டுக்கு உள்ளே நின்ற எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நானும் முத்துமாரியும் லீவு போட்டுவிட்டுப் போனோம். போர்மேனே ஒரு பழைய டிரம்மைக் கழுவி லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். ஹெட்மாஸ்டர் சாக்பீசால் கோடு போட்டார். முதல் மணி அடித்ததும் இரண்டு பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றோம். ஐந்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் வீண், ஊர் சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்புறம் "சொத்" என்று மணலில் ஏதோ விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு இரும்பு இரும்பில் பட்ட சத்தம். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. முத்துமாரி என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். "யக்கா, சட்டம்."

இரண்டாவது மணி அடித்தது. ஹெட்மாஸ்டர் முன்னால் வந்து தோல் பையைத் திறந்து மேஜையில் கொட்டினார். பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடிக் கூடு, எண்ணெய் ஊறிய காகிதத்தில் ஒரு பொட்டலம் பக்கோடா. பிளஸ் டூ பையன் ஒருவன் வரிசையிலிருந்து, "சார், அதையும் சோதிக்கணும், ஆளுக்கு ஒன்னு குடுங்க" என்றான். அறுநூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டு மாதமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து எதற்கும் சிரித்ததில்லை. அதற்குப் பிறகு வேலை ஓடியது. பெண்பிள்ளைகளை நாங்கள், பையன்களை டிரில் மாஸ்டரும் இன்னொரு வாத்தியாரும். உன் முறை வந்தபோது மட்டும் நான் முன்னால் வந்தேன், என் பிள்ளைக்குச் சலுகை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்று. நீ பையைத் திறந்து காட்டினாய். புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில். என் முகத்தை நேராகப் பார்த்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை அரைமணி நேரம்தான். பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு டிரம்மை ஹெட்மாஸ்டர் அறைக்குள் உருட்டிக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டினோம். சைக்கிள் செயின் ஒன்று, இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று, பிளேடுகள், இரண்டு கத்தி, ஒரு பன்னரிவாள். அதில் ஒரு கத்தி, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்தது. பிடியில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி, அதன்மேல் பச்சை நூல் கட்டியிருந்தது. சிவகாசி பிரஸ்ஸில் காலண்டர் கட்டிங் பார்க்கிற உன் அப்பா, பேப்பர் கீறுவதற்குத் தன் கையாலேயே செய்து, தினமும் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுபோகிற கத்தி. அந்தப் பச்சை நூலைக் கட்டிக் கொடுத்தவளே நான்தான். கத்தியைப் புரட்டி அந்த முடிச்சைப் பார்த்தேன். தலையைத் தூக்கினால், முத்துமாரி அந்தப் பன்னரிவாளைக் கையில் எடுத்து அதன் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டம் அவருக்கும் பழகிவிட்டது.

விஷயம் எப்படியோ போலீஸ் ஸ்டேஷனுக்கு எட்டி, மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தவரைக் கோட்டிலேயே நிறுத்தி அவர் பையையும் பார்த்துத்தான் முத்துமாரி உள்ளே விட்டாள், அவள் தைரியம் யாருக்கு வரும்? அவர் சாக்கைப் பார்த்துவிட்டு, யார் யார் என்று பெயர் வேண்டும் என்றார். "பேரு கெடையாது சார்" என்றேன். "அப்ப கைரேகை எடுக்க வேண்டியதுதான்" என்றார். "எடுங்க சார். நாங்க ரெண்டு பேருந்தான் கொட்டிப் பொறுக்கித் தொடச்சு வச்சோம். எங்க கைரேகைதான் கெடைக்கும், ஜீப்புல ஏறவா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். "நாளைக்கும் டிரம்மு வைப்பீங்களாம்மா?" என்று கேட்டார். "தெனமும் வைப்போம்" என்றேன். சாக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஊரணி வரை சேர்ந்து நடந்து வந்தபோது முத்துமாரி சொன்னாள், "இன்னைக்கு ஆட்டுக்குப் புல்லு அறுக்கப் பன்னரிவா இல்ல யக்கா." நான் சொன்னேன், "எங்க வீட்டுல பேப்பர் கீறக் கத்தி இல்ல." இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு அழுகையானது எப்போது என்று தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் உன் அப்பா கேட்டார், "என் பேப்பர் கத்தியப் பாத்தியா?" நான் இல்லை என்றேன். "பிரஸ்ல விட்டுட்டேன் போல" என்று போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஜெயித்தோம் ராசா. அதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? இரண்டாம் வாரத்தில் டிரம்மில் ஒரு பிளேடுதான் விழுந்தது. ஒரு மாதத்தில் வெறும் மணல். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தெருவுக்கு ஒருத்தியாக இரண்டு பேர் கேட்டில் நின்றோம். ஒன்பது வருஷமாக அந்தக் கேட்டுக்கு உள்ளே ஒரு பிள்ளை மேலும் ரத்தம் படவில்லை. சின்னக் கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து, அதில் இப்போது வாய்ப்பாடு எழுதிப் போட்டிருக்கிறார்கள். லாரிக்காரர் மகன் எஞ்சினியர். பாண்டி ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீசியன். உனக்கு ஆர்டர் வந்ததும் முதலில் வீடு தேடி வந்தவன் அவன்தான். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் டம்ளரில் காப்பி குடித்தான். அவன் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "டம்ளரு நல்லாத்தான் இருக்கு, வேணும்னா ஒனக்கும் அதுலயே காப்பி தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவு ஜெயித்தும் எனக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. நீ அந்தக் கத்தியை எதற்காகப் போட்டாய்? வேண்டாம் என்று மனசாரப் போட்டாயா, இல்லை, கேட்டில் அம்மா நிற்கிறாளே, மாட்டிக்கொள்வோமே என்று பயந்து போட்டாயா? பயந்து போட்டவன் பயம் விட்டதும் மறுபடி எடுப்பான், கம்பெனியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ முடிகிறவரை நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்து உன் பையைத் தினமும் துழாவினேன். சட்டம் போட்டவளே செய்த களவு அது, அதற்கும் மன்னித்துக்கொள். ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனாலும் வாய்விட்டு உன்னிடம் கேட்க முடியவில்லை. கோட்டுக்கு முன்னால் போட்டால் கேள்வி கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையிடம் போய்க் கேட்டால் நான் என்ன மனுஷி?

உனக்குச் சொல்ல நினைத்த புத்தி எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகப் பட்டியல் போடத் தெரியாது எனக்கு. நீ போகிற பள்ளிக்கூடத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள், போலீஸ் நிற்கிறது என்கிறாய். இருக்கட்டும், நல்லதுதான். அவர்கள் கோட்டுக்குப் பின்னால் பிடிக்கிறவர்கள். கோட்டுக்கு முன்னால் போட ஒரு இடம் நீ வைத்துக் கொடு. முதல் நாள் உன் பையை நீ முதலில் திற. ஒரு பிள்ளை பையில் ஏதாவது அகப்பட்டால் அவன் கன்னத்தில் அறைவதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா. முந்தின நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவனிடம் யார் என்ன பேசினார்கள் என்று விசாரி. அநேகமாக என்னைப்போல் ஒருத்திதான் அங்கே இருப்பாள். அவளைத் திட்டாதே. கேட்டில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிடு.

முந்தாநாள் மத்தியானம் உனக்கு அனுப்புவதற்காக உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்குப் பூட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியும் அவரிடம் மறைப்பது பாவம் என்று தோன்றியது. "ஏங்க, ஒங்க பேப்பர் கத்தி பிரஸ்ல தொலையல. புள்ள எடுத்துட்டுப் போயி டிரம்முல போட்டுட்டான். எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன். அவர் பூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் தெரியும்" என்றார். மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், "எப்படித் தெரியும்?" "காலைல பையில கத்தியக் காணோம். ஒடனே சைக்கிள எடுத்துக்கிட்டு அவன் பின்னாலயே வந்துட்டேன். எதுத்தாப்புல சைக்கிள் கடைல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." "ஏங்க, ஒன்பது வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" "நீதான சொன்ன, போட்டா கேள்வி கெடையாதுன்னு?"

அப்பாவி என்று நினைத்தேன் பார், அவர் என்னைவிடப் பெரிய கறாராக இருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், அவன் பயந்துதான் போட்டானா என்று. நான் முதுகைக் காட்டி நின்றதால் பார்க்காமல் போன அந்தப் பத்து நிமிஷத்தை அவர் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை.

"மணி அடிச்சதும் நேராப் போயிப் போட்டான். நிக்கல, தயங்கல. போட்டுட்டு வரிசைக்குப் போனவன் திரும்பிப் பாத்தான். முத்துமாரி மகன் பையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு செவத்தோரமா நின்னான். அவன் தெருப் பெரிய பயலுக அங்கனயே நிக்கிறானுக. அவனுக பாக்க டிரம்முகிட்டப் போக முடியல, மொகம் வெளுத்துப் போச்சு. நம்ம பய வரிசைய விட்டு வந்து, அவனுக்கும் அந்தப் பயலுகளுக்கும் நடுவுல போயி நின்னான். பாண்டிக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு, செருப்பு வாரச் சரி பண்ணுற மாதிரி நின்னான். நான் பாதி ரோட்டுக்கு ஓடிட்டேன். பாண்டி பைக்கு வெளிய பன்னரிவாப் பிடி துருத்திக்கிட்டுத் தெரியுது. அவன் பன்னரிவாள எடுத்தான். எடுத்து மணலுக்குள்ள போட்டான்."

உன் காதைக் கிழித்தவன் அரிவாளோடு பின்னால் நிற்க, வெறுங்கையோடு நீ அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாய். அன்றைக்கு உனக்குப் பதினாறு வயது. காதில் தையல் போட்ட தழும்பின் சிவப்புகூட மாறவில்லை.

எனக்கு இனிமேல் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. போய் வா சார்.

உன் அம்மா